மொதல்ல காது, அப்புறம் கண்ணு: செட்டிநாட்டுல பாட்டும் போட்டோவும் சேர்ந்த ஒரு வழிபாடு

எங்க பக்கம் வர்றவங்க நெறைய பேரு வீட்டையும் கோபுரத்தையும் நூறு இருநூறு போட்டோ எடுத்துட்டுப் போறாங்க, அப்புறம் அது மேல ஒரு பக்திப் பாட்ட ஒட்டி ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க. அப்படி வைக்கிறப்ப பாட்டு பாட்டுக்கு ஓடுது, படம் பாட்டுக்கு ஓடுது. நான் சில வருஷமா இத வேற மாதிரி பண்றேன். மொதல்ல கேக்குறது, கேட்டது உள்ள எறங்குன பெறகுதான் எடுக்குறது. எனக்கு இது பூஜ மாதிரியே ஆயிடுச்சு, அதான் எப்படின்னு எழுதுறேன். பெரிய கேமரா வேணாம், போன் போதும்.

கோயில்லேர்ந்து ஆரம்பிங்க. நகரத்தாருக்கு, அதாவது செட்டிநாட்டுச் செட்டியாருங்களுக்கு, ஒம்பது கோயில் உண்டு, அதுல பிள்ளையார்பட்டியிலதான் எப்பவும் கூட்டம், அதனால மொத தடவைக்கு வைரவன்பட்டி, இரணியூர், மாத்தூர் இந்த மாதிரி ஒண்ணு பாத்துக்கங்க. காலையில நடை தெறந்ததும் போயிடணும், செல்போன வெளியவே வச்சிட்டுப் போகணும். 2022 டிசம்பர்ல ஐகோர்ட் மதுரைக் கிளை கோயிலுக்குள்ள செல்போனுக்குத் தடை போடச் சொல்லுச்சு இல்லயா, அப்ப எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு, இரணியூர் தூண் சிற்பத்தெல்லாம் இனிமே எடுக்க முடியாதேன்னு. ஆனா வெறுங்கையோட ஒக்காந்த அன்னிக்குத்தான் ஒரு மணிச் சத்தம் முழுசா அடங்க எவ்வளவு நேரமாகுதுன்னே எனக்குத் தெரிஞ்சுச்சு. அது அடங்குனதும் புறா ரெக்க அடிக்கிறது, குடத்துலேர்ந்து அபிஷேகத் தண்ணி விழுறது, ஈரக்கால் கல்லுல ஒட்டிப் பிரியிறதுன்னு ஒவ்வொண்ணா கேக்கும். அரை மணி நேரமாவது அப்படி ஒக்காருங்க, வேற ஒண்ணும் செய்ய வேணாம்.

ஓதுவார் தேவாரம் பாடுற கோயிலா இருந்தா உங்க அதிர்ஷ்டம். தேவாரப் பண்கள, அதாவது பழைய தமிழ் ராகங்கள, பகல் பண், இரவுப் பண், பொதுப் பண்ணுன்னு நம்ம ஆளுங்க பிரிச்சு வச்சிருக்காங்க, காலையில பாடுற புறநீர்மைங்கிற பண்ண இப்ப பூபாள ராகத்துல பாடுறாங்க, ராத்திரிக்குரிய மேகராகக் குறிஞ்சிய நீலாம்பரி ராகத்துல பாடுறாங்க. படம் எடுக்குற ஆளுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா நாமளும் எந்த நேரத்துக்கு என்ன வெளிச்சம்னு பாத்துத்தானே எடுக்குறோம், அதனால நான் வெளிச்சத்த வச்சு நேரத்த முடிவு பண்றத விட்டுட்டு எந்தப் பண் கேட்டேன்னு பாத்து முடிவு பண்றேன். பூபாளம் கேட்ட அன்னிக்கு சூரியன் நல்லா ஏறுன பெறகு படம் எடுக்க மாட்டேன்.

வெளிய வந்ததும் போன வாங்கி உடனே கிளிக் பண்ணிடாதீங்க. எங்க ஊர்கள்ல கோயில் பக்கத்துலயே ஊரணின்னு ஒரு குளம் இருக்கும், அந்தப் படிக்கட்டுல போயி பத்து நிமிஷம் பேசாம இருங்க, இயர்போனும் வேணாம். உள்ள கேட்டது காதுல இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும், அது எந்தப் பக்கம் உங்க கண்ண இழுக்குதோ அந்தப் பக்கம் ஒரே ஒரு படம், அவ்வளவுதான். சரியா வரலன்னா நாளைக்கு வரணும், ரெண்டாவது எடுக்கக் கூடாது. இந்த ஒண்ணுதான் ரொம்பக் கஷ்டம், இத விட்டுட்டா மத்ததுக்கெல்லாம் அர்த்தமே இல்ல.

சாமி வீதி உலா வர்ற அன்னிக்கும் இதே மாதிரிதான். பொறப்பாட்டுக்கு நாயனக்காரர் (நாதஸ்வரம் வாசிக்கிறவர்) கம்பீர நாட்டை ராகத்துல மல்லாரி வாசிப்பாரு, தவில் சேந்து நெஞ்சுல அடிக்கும், மல்லாரி முடியிற வரைக்கும் போன் பையிலயே இருக்கட்டும்.

அடுத்தது வீடு. வளவுல, அதாவது வீட்டோட உள்கட்டுல, முற்றத்துக்குப் பக்கத்துல ஒக்காந்துக்கங்க. உச்சி நேரத்துல வெளிச்சம் நேரா முற்றத்துல எறங்கும், காலையில சாஞ்சு வந்து தூண் மேல படும். தரையில பதிச்சிருக்குற ஆத்தங்குடிக் கல்ல (டைல்ஸ்) கண்ணாடி மேல கலர் சிமெண்ட் ஊத்தித்தான் செய்றாங்க, சூளையில சுடுறதே இல்ல, அந்தக் கண்ணாடியோட வழவழப்புதான் தரையில அப்படி மின்னுது. செல்போன தரையோட ஒட்டி வச்சிங்கன்னா தூணோட நிழல் தண்ணியில தெரியிற மாதிரி தெரியும். ஸ்கிரீன்ல வெளிச்சமான எடத்த தொட்டு வெரல கீழ இழுங்க, இருட்டு இருட்டாவே இருக்கட்டும், அந்த வீட்டுக்கு அதுதான் அழகு.

வீட்டுல கேக்குறதுக்கு என்ன இருக்குன்னு நெனைக்காதீங்க, தாலாட்டு இருக்கு. எங்க ஆயா, அதாவது பாட்டி, தாலாட்டு பாடுனா முடிவே இருக்காது, மாமன் கொண்டு வர்ற சீரெல்லாம் ஒவ்வொண்ணா வரும். எங்க வளவுல புள்ளைங்க பொறந்து ரொம்ப வருஷமாச்சு, ஒரு நாள் சும்மா பாடுங்க ஆயான்னு கேட்டதுக்கு கண்ண மூடிக்கிட்டுப் பாடுனாங்க, கை மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. பாட்டு முடிஞ்சு நான் அண்ணாந்து பாத்தா உத்தரத்துல தொட்டில் கட்டுற இரும்புக் கொக்கி. ஆயா மொகத்த எடுக்கல, அந்தக் கொக்கியத்தான் எடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு பாட்டுக்கு ஒரு படம்னு நான் சேத்து வச்ச ஜோடியிலயே அதுக்கு ஈடா ஒண்ணு வரல.

ஜோடி சேக்குறதுல நான் பாத்தது இதுதான், பாட்டு சொல்றதையே படமும் சொன்னா அது ஜோடி இல்ல. நாயன இசைக்கு நாயனக்காரர் படம் வச்சா ரெண்டுல ஒண்ணு வீண். பாட்டுல கேக்காதத படம் காட்டணும், படத்துல தெரியாதத பாட்டு சொல்லணும். ராத்திரி வெளக்க அணைச்சிட்டு மொதல்ல பாட்டு மட்டும், பாதிக்கு மேல படத்த பாருங்க. மனசு தானா அடங்குச்சுன்னா அந்த ஜோடிய வச்சுக்கங்க, இல்லன்னா அந்தப் படத்த இன்னொரு பாட்டுக்காக எடுத்து வைங்க.

ஒரு நாள் ஒதுக்கி குடுமியான்மலைக்கும் போயிட்டு வாங்க, புதுக்கோட்டையிலேர்ந்து கிட்டதான். கோயிலுக்குப் பின்னாடி பாறையில 7-ஆம் நூற்றாண்டுல இசையையே கல்லுல வெட்டி வச்சிருக்காங்க, பல்லவ கிரந்த எழுத்துல, ஏழு பகுதியா, வெறும் ஸ்வரம் மட்டும். கடைசியில தமிழ்ல “எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய”ன்னு ஒரு வரி. பாட்ட கண்ணால பாக்குற எடம் அது. முன்னாடி நின்னப்ப எனக்கு எதுவும் எடுக்கத் தோணல, கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

படைப்பு நடக்குற எடத்துல கேமராவே வேணாம், அது அந்த வீட்டு முன்னோருக்குச் செய்றது. பிள்ளையார் நோன்புல இழை எடுக்குறப்பயும் (திரி ஏத்துன மாவ வாயில போட்டுக்குற சடங்கு) வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எடுக்கணும். ஆச்சிங்க பாடுறத ரெக்கார்ட் பண்றதுன்னா முன்னாடியே சொல்லிருங்க, மறைச்சு பண்ணாதீங்க.

சேந்த ஜோடிய ஸ்டுடியோவுல மேட் பேப்பர்ல பிரிண்ட் போட்டுருங்க. பின்னாடி பென்சில்ல என்ன கேட்டீங்க, யாரு பாடுனது, தமிழ் மாசம், நேரம் எழுதுங்க. அடுத்த வருஷம் அதே மாசத்துல அந்த அட்டைய எடுத்துக்கிட்டு அதே படிக்கட்டுல போயி ஒக்காருங்க.