குஞ்சு ஏன் பொரியவில்லை? வீட்டு இன்குபேட்டரில் கோழி, வாத்து முட்டை வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோழி முட்டை பொரிய வேண்டிய 21ஆம் நாள் போய், 23ஆம் நாளும் போன பிறகு, பொரியாத முட்டைகளை அப்படியே குப்பைக்குழியில் கொட்டுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. மெஷின் சரியில்லை என்று வேறு மெஷின் வாங்குவார்கள், அல்லது முட்டை கொடுத்தவரைத் திட்டுவார்கள். அடுத்த ஈட்டில் எதை மாற்ற வேண்டும் என்பதற்கான விடை அந்த முட்டைகளுக்குள்ளேயே இருக்கிறது. உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டுக்கு வெளியே ஒரு பழைய கிண்ணத்தை வைத்துக்கொண்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, முட்டையின் அகன்ற முனையைத் தட்டித் திறங்கள். காற்றறை அங்கேதான் இருக்கும். உள்ளே வெறும் மஞ்சள் கரு மட்டும் இருந்தால் அது கருக்கூடாத முட்டை, அல்லது முதல் ஓரிரு நாளிலேயே கரு இறந்த முட்டை. கரும்புள்ளியோ ரத்த வளையமோ தெரிந்தால் முதல் வாரத்தில் இறந்தது. இறகு முளைத்து, பாதி அளவில் குஞ்சு கிடந்தால் நடுவாரத்தில் இறந்தது. முழுக் குஞ்சாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே கிடந்தால் கடைசி மூன்று நாளில் இறந்தது. கோழி முட்டையில் அதிகச் சாவு விழுவது இரண்டு கட்டத்தில்: முதல் சில நாட்களிலும், 18ஆம் நாளுக்குப் பிறகும். இந்த இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு. அதனால் எந்த முட்டை எந்தக் கட்டத்தில் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

முட்டையிலேயே இருக்கும் கோளாறு

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது நடுவில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து நாலாபக்கமும் கிளைவிடும் சிவப்பு நரம்புகளும் தெரிய வேண்டும். பெரும்பாலான முட்டைகள் வெறுமையாகத் தெரிந்தால் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே கோழிகள் இட்ட புது முட்டை இரண்டைச் சமையலுக்கு உடைக்கும்போது மஞ்சள் கருவின் மேல் உள்ள வெள்ளைப் புள்ளியைக் கவனியுங்கள். கருக்கூடிய முட்டையில் அது ஓரம் தெளிவான ஒரு வட்ட வளையமாக இருக்கும். கூடாததில் ஓரம் சீரில்லாத ஒரு சின்ன வெள்ளைப் பொட்டாக மட்டும் இருக்கும். பெட்டைகள் அதிகமாகி, ஒரே சேவல் இருந்தால் இப்படி ஆகும். எட்டு முதல் பத்துக் கோழிக்கு ஒரு சேவல், ஐந்தாறு வாத்துக்கு ஓர் ஆண் வாத்து என்பது பொதுவான கணக்கு. கடையில் விற்கும் பண்ணை முட்டையை அடைக்கு வைக்கவே வேண்டாம். முட்டைக்கோழிப் பண்ணைகளில் சேவல் கிடையாது.

சேர்த்து வைப்பதிலும் தவறு நடக்கிறது. ஏழு நாளைக்கு மேல் சேர்க்கச் சேர்க்க பொரிக்கும் அளவு குறையும். 15 முதல் 18 டிகிரி வெப்பம்தான் நல்லது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்த முட்டையில் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, வலுவிழந்து, மெஷினுக்குப் போன முதல் நாட்களில் செத்துப்போகும். ஃபிரிட்ஜின் 4 டிகிரி குளிரும் ஆகாது. வீட்டில் தரையோடு ஒட்டிய, வெயில் படாத, குளிர்ச்சியான மூலையைத் தேர்ந்தெடுத்து, நான்கைந்து நாள் முட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பஸ்ஸிலோ பார்சலிலோ வந்த முட்டையை ஒரு நாள் கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, அசையாமல் இருக்கவிட்டு, அப்புறம் வையுங்கள்.

அரை டிகிரியில் இருக்கிறது விஷயம்

வீட்டில் செய்யும் தெர்மாகோல் பெட்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது வெப்பமானியைத்தான். டிஸ்ப்ளேயில் 37.5 என்று காட்டுகிறது, ஆனால் உள்ளே 38.5 இருக்கிறது. இது அடிக்கடி நடக்கிறது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில், சூட்டைப் பார்த்து பல்பை எரித்து அணைக்கும் கன்ட்ரோலரின் சென்சார் முனையையும் (தண்ணீர் புகாத உலோக முனையாக இருந்தால்), காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் நமக்கு வேண்டிய அதே 37, 38 டிகிரிக்காகவே செய்தது என்பதால் அதை நம்பலாம். வித்தியாசம் எவ்வளவோ அதைக் கூட்டியோ கழித்தோ செட் பண்ணுங்கள்.

அடுத்து, ஃபேன் இருக்கிறதா இல்லையா என்பது. ஃபேன் ஓடும் பெட்டியில் 37.5 டிகிரி சரி. ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு மேலே போய்த் தங்கும், அடியில் குளிர்ந்திருக்கும். அங்கே முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.8 வரை வைக்க வேண்டும். சென்சாரைப் பல்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் பல்பு சீக்கிரம் அணைந்து, முட்டைக்குச் சூடு போதாமல் போகும். சென்சார் முட்டைகளுக்கு நடுவில், முட்டை உயரத்தில் இருக்கட்டும். டபிள்யூ1209 மாதிரியான சின்னக் கன்ட்ரோலர்களில் பல்பு அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் இடையே 2 டிகிரி இடைவெளி என்று கம்பெனி செட்டிங்கிலேயே வரும். அதைக் குறைக்காமல் விட்டால் முட்டை நாள் முழுக்க ஏறி இறங்கும் சூட்டில் கிடக்கும். அரை டிகிரிக்குள் கொண்டுவாருங்கள்.

சூடு சரியாக இருந்ததா என்று பொரித்த நாளே சொல்லும். 19 அல்லது 20ஆம் நாளே குஞ்சு வந்து, தொப்புள் சரியாக மூடாமல் ரத்தம் கசிந்தால் சூடு அதிகம். 22, 23 என்று இழுத்து, வயிறு பெருத்து நிற்க முடியாத குஞ்சாக வந்தால் சூடு குறைவு.

கரண்ட் போனால் பதறி மூடியைத் திறக்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் குளிர்ந்தாலும் கரு பொதுவாகத் தாங்கும், பொரிப்பது கொஞ்சம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். போர்வை போட்டு மூடி வையுங்கள். ஆனால் கன்ட்ரோலர் கோளாறாகி 40 டிகிரியைத் தாண்டினால் சில மணி நேரத்தில் மொத்த ஈடும் போய்விடும். குளிரைவிடச் சூட்டுக்கே அதிகம் பயப்பட வேண்டும்.

தண்ணீர் ஊற்றிக் கெடுப்பது

"ஈரப்பதம் நல்லா இருக்கணும்" என்று முதல் நாளே தட்டு நிறையத் தண்ணீர் வைப்பவர்கள் ஏராளம். முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடப்பதற்கு இதுவே முக்கியமான ஒரு காரணம். 21 நாளில் முட்டை கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழக்க வேண்டும். அப்போதுதான் காற்றறை பெரிதாகி, கடைசியில் குஞ்சு மூக்கை நீட்டி முதல் மூச்சு விட இடம் கிடைக்கும். ஈரம் போகவில்லையென்றால் காற்றறை சின்னதாகவே இருக்கும். குஞ்சு ஊதிப்போய், பிசுபிசுவென்று, ஓட்டுக்குள் திரும்ப இடமின்றி மூழ்கும். உடைத்துப் பார்க்கும்போது தண்ணீர் வழிந்தால் இதுதான் காரணம். சவ்வு காகிதமாகக் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டியிருந்தால் எதிர்மாறு, ஈரம் போதவில்லை.

முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீதம் என்பது வழக்கம். ஆனால் ஊருக்கு ஊர் தண்ணீர்த் தேவை மாறும். சென்னை, கடலூர், நாகை போன்ற கடற்கரை ஊர்களில் வெளியே 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், அந்தக் காற்றையே 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முதல் 18 நாளுக்குத் தண்ணீரே தேவைப்படாது. கோடையில் கரூர், திருச்சிப் பக்கம் வறண்ட காற்றில் அதே கணக்கு 30 சதவீதத்துக்கும் கீழே போகலாம். அங்கே தண்ணீர் வைத்தே ஆக வேண்டும்.

மலிவான ஈரப்பத மீட்டர் 10 சதவீதம்கூடத் தப்பாகக் காட்டும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோல் ஆக்கி, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். அதைவிட நம்பகமானது தராசு. பத்து சிறுவிடை (சின்ன நாட்டுக்கோழி) முட்டை சேர்ந்து 400 கிராம் என்றால் ஏழாம் நாள் 380, 18ஆம் நாள் 350 என்ற அளவில் இறங்கியிருக்க வேண்டும். எடை இறங்கவில்லையா, தண்ணீரை எடுத்துவிடுங்கள். வேகமாக இறங்குகிறதா, தண்ணீரின் பரப்பைக் கூட்டுங்கள். தட்டின் ஆழத்துக்கு இதில் வேலையே இல்லை.

திருப்புவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டு, தினமும் மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படை எதற்கென்றால், இரவு நேரம் ஒரே பக்கமாகக் கிடக்காமல் இருக்கத்தான். 18ஆம் நாளோடு நிறுத்திவிட வேண்டும்.

கடைசி மூன்று நாளில் கை அடங்க வேண்டும்

ஈரப்பதம் வெளியேறுகிறது என்று காற்றுத் துளைகளை டேப் ஒட்டி அடைப்பவர்கள் உண்டு. குஞ்சுகள் அதிகம் மூச்சு விடும் நேரமே அதுதான். துளைகளை முழுதாகத் திறந்துவிட்டு, குறையும் ஈரத்தை நனைத்த ஸ்பாஞ்சால் சரிக்கட்டுங்கள். முட்டையை வெந்நீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலே தண்ணீர் உள்ளே போகும்.

ஓட்டில் முதல் துளை விழுந்ததும் உரித்துவிட ஆசை வரும். அந்த நேரத்தில் சவ்வில் இன்னும் ரத்தம் ஓடுகிறது, மீதி மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு உரித்தால் சிவப்பு நரம்பு அறுந்து குஞ்சு செத்துவிடும். கோழிக்கு 12 முதல் 24 மணி நேரம் வரை பொறுங்கள்.

வாத்துக்குக் கோழிக் கணக்கு போடாதீர்கள்

வாத்துக்கு 28 நாள், மஸ்கோவி வகைக்கு 35 நாள். 23ஆம் நாளிலேயே கூமுட்டை என்று முடிவு கட்டி வெளியே எடுத்துப் போட்டதில் எத்தனை உயிர்க் கரு போயிருக்குமோ. கோழியோடு ஒரே பெட்டியில் வைப்பதானால் வாத்து முட்டையை ஏழு நாள் முன்னால் வைத்தால்தான் கடைசி மூன்று நாளும் ஒன்றாக வரும். திருப்புவதை 25ஆம் நாள் நிறுத்த வேண்டும். துளை விழுந்த பிறகு 48 மணி நேரம்கூட எடுக்கும்.

வாத்து ஈரத்திலும் சேற்றிலும் முட்டையிடும். அந்த அழுக்கோடு வைத்தால் கிருமி ஓட்டுத் துளை வழியே போய், சில நாளில் முட்டை வெடித்து, பெட்டி முழுக்க நாறும். குளிர்ந்த நீரில் கழுவுவது அதைவிட மோசம், முட்டை சுருங்கி அழுக்கை உள்ளே இழுக்கும். சுத்தமான முட்டையை மட்டும் எடுங்கள், இரவில் வைக்கோலைப் புதிதாகப் பரப்புங்கள். லேசான கறையை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். நாற்றம் வரும் முட்டையைச் சந்தேகத்துக்கு இடமின்றி உடனே வெளியே எடுக்க வேண்டும், மெதுவாக.

எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடவில்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை அதே நாள் சேர்த்த முட்டைகளில் பாதியை மெஷினிலும், பாதியை ஒரு நல்ல அடைக்கோழியின் கீழேயும் வையுங்கள். வாத்து முட்டைக்கும் கோழியே போதும், நம் ஊர் வாத்துகள் பெரும்பாலும் அடைக்கு உட்காருவதில்லை. கோழி பொரித்து மெஷின் பொரிக்கவில்லையென்றால் வெப்பமானியிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டிலும் பொரிக்கவில்லையென்றால் மெஷினைத் தொடாமல் சேவலையும், தீவனத்தையும், முட்டை சேர்த்து வைத்த இடத்தையும் பாருங்கள்.