சோற்றுக்குக் கடைசி இடம்

நீரிழிவு உள்ளவர்கள் தேத்தண்ணீரில் சீனியை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரு கப் சோற்றிலேயே சுமார் 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. கிட்டத்தட்ட 11 தேக்கரண்டி சீனிக்குச் சமம்!

திருகோணமலையில் நமக்கு மீனுக்கு என்ன பஞ்சம்? வல்லாரைச் சம்பல், பயற்றங்காய்க் கறி, சூடைமீன் குழம்பு இவற்றை முதலில் சாப்பிட்டு, கடைசியில் கொஞ்சம் சோற்றுக்கு வாருங்கள். இரத்தத்தில் சீனி மெதுவாக ஏறும். இரவு இடியப்பத்தை இரண்டோடு நிறுத்துங்கள். சிவப்பரிசி மா என்றாலும் அளவு அளவுதான். அம்மாவுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அப்புறம், டச்சு பே கடற்கரையில் 15 நிமிட நடை.

இன்சுலினோ கிளிக்லசைட் என்ற, இரத்தச் சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுப்பவர்கள் திடீரென மாச்சத்தைக் குறைத்தால் சீனி ஆபத்தாக இறங்கலாம். தயவுசெய்து முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.