கே.எல்.–சென்னை: டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம், வானத்தில் நான்கு மணி நேரம்

கோலாலம்பூரில் காலை 8.00 மணிக்குப் புறப்பாடு, சென்னையில் 9.30க்கு இறக்கம் என்று டிக்கெட்டில் இருந்தால் அது ஒன்றரை மணி நேரப் பயணமில்லை. டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். நம் மலேசியக் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஆகவே போகும்போது இரண்டரையைக் கூட்டுங்கள், நான்கு வரும். திரும்பும்போது கழித்துவிடுங்கள். சென்னையில் இரவு 11.30க்கு ஏறி இங்கே மறுநாள் காலை 6.00க்கு இறங்கினால், கடிகாரம் ஆறரை காட்டினாலும் பறந்தது நான்குதான்.

அதிகம் பேர் தவறவிடுவது நள்ளிரவு விமானத்தை. 15ஆம் தேதி நள்ளிரவு 12.15 என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போனால் விமானம் முந்தின இரவே போயிருக்கும்.

இனி தூரம். கோலாலம்பூரின் சிப்பாங் விமான நிலையத்திலிருந்து சென்னை, நேர்வழியில் சுமார் 2,630 கிலோமீட்டர். திருச்சி தெற்கே இருப்பதால் கிட்டே என்று தோன்றும். ஆனால் மேற்கே தள்ளியிருப்பதால் சுமார் 2,690. சென்னைத் தூரம் ஓரிடத்தில் 1,420, இன்னோரிடத்தில் 1,630 என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். முன்னது கடல் மைல், பின்னது சாதாரண மைல். கடல் மைலை 1.852ஆலும் மைலை 1.609ஆலும் பெருக்கினால் அதே கிலோமீட்டர் கிடைக்கும்.

நேரத்தை மதிப்பிட, தூரத்தை 850ஆல் வகுத்து 40 நிமிடம் சேருங்கள். சென்னைக்கு 3 மணி 6 நிமிடம், அதோடு 40: ஏறத்தாழ 3 மணி 45 நிமிடம். அந்த 40 நிமிடம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும், ஏறி இறங்குவதற்கும். அதனால்தான் 325 கிலோமீட்டரே உள்ள பினாங்கு–கே.எல். பயணத்துக்கும் ஒரு மணி நேரம் போடுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல்வானில் காற்று கிழக்கிலிருந்து வீசும். போகும்போது அது தள்ளிவிடும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடும்போது பின்னாலிருந்து வாருங்கள். 8.00 மணி விமானத்துக்குப் பெட்டி போடும் கவுண்டரைப் பொதுவாக 7.00க்கே மூடிவிடுவார்கள், 5.30க்குள் அங்கே நில்லுங்கள். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் முதல் முனையம் 28 நிமிடம், இரண்டாம் முனையம் 33. அதை ஒட்டியுள்ள பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இதுவே சுலபம். விடியற்காலை விமானமென்றால் முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே பாருங்கள். சரிப்படாவிட்டால் கிராப் வாடகைக் காரை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

பினாங்கிலிருந்து கே.எல். வழியாகப் போகிறவர்கள் ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்தால் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டும், முனையமும் மாறலாம். இடையில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். வாங்குமுன் இறங்குமிடத்தையும் பாருங்கள். சுபாங் என்றிருந்தால் அது வேறு விமான நிலையம். அங்கிருந்து சிப்பாங்குக்குச் சாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.