பங்குனியில் ஐப்பசியைத் தேடாதீர்கள்: கோடை மலைப்பாதைத் தேர்வில் நடக்கும் தவறுகள்

பள்ளித் தேர்வுகள் முடிகிற வாரத்தில் எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரிதான். "ரெண்டு நாள் லீவு இருக்கு, தேனிப் பக்கம் நல்ல ட்ரெக் ஒண்ணு சொல்லுங்க." நான் வாய் திறப்பதற்குள் அவர்களே ஒரு பாதையைச் சொல்லிவிடுவார்கள். நாங்கள் மலையேறத் தொடங்கிய காலத்தில் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தோமோ, இன்றும் அப்படியேதான் நடக்கிறது. புது ஷூவோடு வராதே, தண்ணீர் கொண்டு வா, குப்பை போடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பக்கத்தில், மார்ச் முதல் மே வரை, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே செய்துவிடுகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

கிலோமீட்டரை மட்டும் கேட்பது

கோவைக்குப் பக்கத்தில், ஏழு மலைகளைக் கடந்து ஏறுகிற வெள்ளியங்கிரிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றுகிறவருக்கு அது ஒரு தூரமாகவே தெரியாது. ஆனால் அந்த 6 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏற்றம் இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் போட்ட கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி பார்த்தால் வெள்ளியங்கிரிக்குச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். அதுவும் குளிர்ப்பிரதேசத்தில், பழகிய கால்களோடு, எங்கும் உட்காராமல் ஏறினால்தான். ஏப்ரலில், கல் படிகளில், முதல்முறை வருபவர் அதைப்போல் இரண்டு மடங்காவது வைத்துக்கொள்ள வேண்டும்.

"வயசானவங்களே ஏறுறாங்களே" என்று ஒரு பதில் வரும். அவர்கள் வருஷா வருஷம் ஏறுகிறவர்கள். இரவில் தொடங்குவார்கள், மூங்கில் தடியை ஊன்றுவார்கள், ஒவ்வொரு மலை முடிவிலும் உட்காருவார்கள். நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்பும் அவசரம் அவர்களுக்கு இல்லை.

உச்சியின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது

கொடைக்கானல் 22 டிகிரி என்று போனில் காட்டும். நீங்கள் நடக்கத் தொடங்குவதோ பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில், 38 டிகிரியில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி அளவுக்குத்தான் குறையும். அந்தக் குளிர்ச்சிக்குப் போய்ச் சேரும் முன்பே உடம்பு தளர்ந்துவிடும்.

மழைக்காலப் படத்தைப் பார்த்துக் கோடைப் பாதையைத் தேர்வது

இதைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

போடி பக்கத்து மலைகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் உயிர். அக்டோபர், நவம்பரில் ஓடைகள் நிரம்பும், புல்வெளிகள் இடுப்பளவு பச்சையாக நிற்கும். இணையத்தில் சுற்றும் படங்களில் பெரும்பாலானவை அப்போது எடுத்தவை. ஜனவரிக்குப் பிறகு அதே புல் காய்கிறது. மார்ச்சில் கையில் பிடித்து மடக்கினால் சடக்கென்று முறியும். நகரத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வருகிற சிலர், மார்ச் பயணத்துக்கும் அந்தப் பச்சைப் படத்தைத்தான் போட்டு விளம்பரம் செய்கிறார்கள். இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

போன கோடையில் ஒரு குழு. அருவியில் குளித்துவிட்டுத் தண்ணீரும் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலோடு வந்திருந்தார்கள். அருவி இருக்க வேண்டிய இடத்தில் கரும்பாறை. அதன் நடுவே, தண்ணீர் வழிந்த தடம் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. கீழே, பாறை இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைக் குட்டை, அதன்மேல் கொசு. ஒரு பையன் போனை நீட்டி, "அண்ணே, இந்த இடம்தானே இது?" என்று எங்கள் வழிகாட்டியிடம் கேட்டான். அவர் படத்தைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். "இதேதான் தம்பி. இது ஐப்பசியில எடுத்தது. இப்ப பங்குனி" என்றார். பத்து மணிக்கே அவர்களைத் திருப்பி இறக்கினோம். இரண்டு பேருக்கு இறங்கும்போதே தலை சுற்றல், வாந்தி. இன்னும் இரண்டு மணி நேரம் மேலே போயிருந்தால் தூக்கித்தான் இறக்கியிருக்க வேண்டும்.

தண்ணீர் இல்லாதது பாதி ஆபத்து. மீதி தீ. 2018 மார்ச் 11 அன்று, இதே போடி பக்கத்தில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பலர் மலைக்குப் புதியவர்கள். அந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காய்ந்த புல் நிற்கும் செங்குத்தான இடத்தில் மனிதக் கால் தீயை முந்தவே முடியாது. தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற நெருப்பின் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்து, பற்றுவதற்குத் தயாராக்கிவிடுகிறது. பகல் ஏற ஏறக் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேலே வீசும். ஆக, வெயில், காற்று, காய்ந்த புல் மூன்றும் ஒன்றாகச் சேர்வது பிற்பகலில். ட்ரெக்கிங் குழுக்கள் களைத்துப்போய்ப் புல்சரிவில் உட்கார்ந்திருப்பதும் அதே நேரத்தில்தான்.

அந்த விபத்துக்குப் பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று அவற்றை மூடினார்கள். "லீவு விடுற நேரத்துல மூடிட்டாங்க" என்று திட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். மூடியதற்கான காரணம் குரங்கணிச் சரிவில் இருக்கிறது.

அப்படியென்றால் கோடையில் எதைத் தேர்வது? திறந்த புல்முகட்டை விட்டுவிட்டு, சோலைக்காட்டுக்குள், அதாவது மலை மடிப்புகளில் எப்போதும் பச்சையாக நிற்கிற அடர்ந்த காட்டுக்குள், போகிற பாதையைக் கேளுங்கள். சோலையின் மண் பஞ்சுபோல மழையைப் பிடித்துவைத்திருக்கும், அதன் மடிப்புகளில் ஓடும் ஓடைகளில் ஏப்ரலிலும் ஈரம் இருக்கும், தீ உள்ளே நுழைவதும் அரிது. தேயிலைத் தோட்டத்து வழிகளும் நல்லவை. பச்சைச் செடி எளிதில் பற்றாது, பக்கத்தில் ஆள் நடமாட்டமும் இருக்கும். பாதையைக் கேட்கும்போது, "போன வாரம் அந்த ஓடையில் தண்ணீர் ஓடியதா?" என்று உள்ளூர் ஆளிடம் கேளுங்கள். "இருக்கும்" என்று பதில் வந்தால் அவர் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இன்னொருவரைக் கேளுங்கள்.

தண்ணீர் இருக்கிற இடம் நமக்கு மட்டும் என்று நினைப்பது

வற்றாத ஓடையைத் தேடி யானையும் காட்டுமாடும் வரும். ஓடைக்கரைப் பாதையை விடியலிலும் அந்தியிலும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வெளிநாட்டுக் கையேட்டின் வடக்குச் சரிவு

கோடையில் வடக்குப் பார்த்த சரிவில் நட, நிழலாக இருக்கும் என்று ஆங்கிலக் கையேடுகள் சொல்லும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது சரி. தேனி இருப்பது 10 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் நடுவில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும், மே மாதத்தில் நமக்கு வடக்கே நிற்கும். அப்போது வடக்குச் சரிவுக்குத்தான் வெயில் அதிகம். இங்கே பார்க்க வேண்டியது கிழக்கா மேற்கா என்பதை. போடியிலிருந்து ஏறும் வழிகள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தவை, ஆறரை மணிக்கே வெயில் நெஞ்சில் அடிக்கும். இருட்டில் ஏறி அதைத் தவிர்க்கலாம் என்றால் யானை பயம். அதனால் முதல் இரண்டு மணி நேரமும் மரநிழலிலேயே போகிற பாதை கிடைத்தால், அதைவிட அழகான காட்சி உள்ள வேறு பாதையைக்கூட விட்டுவிடலாம்.

அனுமதியில்லாத பாதை

வனத்துறை அனுமதி இல்லையென்றால், அந்தப் பாதை உங்கள் பட்டியலிலேயே வேண்டாம்.

மே மாதப் பிற்பகலில் முகடு

கோடைமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். காலையில் துளி மேகம் இருக்காது. ஒரு மணிக்கு முகட்டைக் கடந்து, மறுபக்கம் பாதி தூரம் இறங்கியிருக்கும்படி பாதையின் நீளம் இருக்க வேண்டும். மொட்டைப் புல்வெளியில் மின்னல் நேரத்தில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டுமே. வறண்ட ஓடையைக் கடந்து போகிற பாதையாக இருந்தால், மேலே எங்கோ பெய்த மழை நீங்கள் திரும்பும் நேரத்தில் வழியை அடைத்துவிடும்.

ஏறும் வழியை மட்டும் விசாரிப்பது

இறக்கத்தைக் கேளுங்கள். முட்டி போவது இறங்கும்போதுதான். சருகும் சரளையும் கிடக்கும் கோடைப் பாதையில் வழுக்கி விழுவதும் அப்போதுதான். பாதி வழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் ஜீப் வந்து சேரும் இடம் எது என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அப்படி ஓர் இடமாவது இல்லாத பாதைக்கு, முதல்முறை வருகிற யாரையும் கோடையில் நான் கூட்டிப்போவதில்லை.