ரெக்கார்டு மொத்தமாக விலைக்கு வந்தால்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடைக்கு ரிப்பேர் வேலையே இல்லாமல் சிலர் வருவார்கள். "அண்ணே, ஒரு எடத்துல ரெண்டாயிரம் ரெக்கார்டு இருக்குதாம், மொத்தமாத்தான் தருவாங்களாம், எடுக்கலாமா?" என்று கேட்பார்கள். கேட்கும்போதே முகத்தைப் பார்த்தால் தெரியும், மனசுக்குள் ஏற்கெனவே வாங்கியாயிற்று. அப்படி ஒரு நிலைமையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரெண்டு லட்சத்துக்கு ரெண்டாயிரம் இசைத்தட்டு என்று சொன்னதும், "தட்டு நூறு ரூபாய்தானே" என்று மனசு வகுத்துவிடும். அந்தக் கணக்கை அங்கேயே விடுங்கள். எந்தக் குவியலிலும் உங்களுக்கு உண்மையில் வேண்டியது கொஞ்சம், விற்றால் போகக்கூடியது கொஞ்சம், மீதி எல்லாம் பாரம். வேண்டியது எத்தனை என்று தெரியாமல் விலையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

அதைக் கண்டுபிடிக்க ரெண்டாயிரத்தையும் புரட்ட வேண்டியதில்லை. அளக்கும் டேப் ஒன்றை எடுத்துப் போங்கள். அட்டையோடு நிமிர்த்தி வைத்த எல்.பி. (பெரிய வினைல் தட்டு) ஒரு அடி நீளத்துக்கு அறுபது முதல் எழுபது வரும். அலமாரியை அளந்தால், சொல்லும் எண்ணிக்கை நிஜமா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் அலமாரியின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து எடுங்கள். விற்பவர் மேலே எடுத்து வைத்திருப்பதைத் தொடாதீர்கள். அது மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுகிற பலகாரத் தட்டு. ஐம்பது எடுத்ததில் ஆறுதான் உங்களுக்குப் பிடித்து, நல்ல நிலையிலும் இருக்கிறது என்றால், மொத்தத்தில் சுமார் இருநூற்று நாற்பது தேறும். நீங்கள் கொடுக்கும் பணம் முழுவதும் அந்த இருநூற்று நாற்பதுக்குத்தான் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போது தட்டு எண்ணூறு ரூபாய்க்கு மேலே போகும். அந்த விலைக்குக் கடையில் நாமே பார்த்துப் பொறுக்கி எடுக்க முடியாதா என்று யோசியுங்கள். பாதிப் பேர் இந்த இடத்திலேயே டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

எங்கிருந்து வந்த சரக்கு என்பது அடுத்தது. நம் பக்கம் பெரிய குவியல் என்றாலே பெரும்பாலும் பழைய மைக் செட்காரர்களிடம் இருந்ததுதான். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை என்று ஊர் ஊராகக் குழாய் ஸ்பீக்கரில் பாடிய தட்டுகள். லேபிளில் சவுண்ட் சர்வீஸ் ரப்பர் ஸ்டாம்பு இருக்கும், அட்டையில் பெயிண்டில் நம்பர் போட்டிருப்பார்கள். தட்டை எடுத்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நாலு பாட்டு இருந்தால் மூன்று பட்டை கறுப்பாக மினுங்கும், ஒரு பட்டை மட்டும் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருக்கும். அதுதான் அந்த வருஷத்து ஹிட் பாட்டு. கனமான ஊசித் தலையை வைத்து நூறு கல்யாணத்துக்குப் போட்டதில் பள்ளத்தின் சுவரே தேய்ந்து போயிருக்கும். எவ்வளவு கழுவினாலும் அந்தக் கரகரப்பு போகாது. உங்களுக்கு வேண்டியதும் அந்தப் பாட்டாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம். கதை வசனத் தட்டுகளும் இதே கதிதான், ஊர் முழுக்கக் கேட்டுத் தேய்ந்தவை.

ஏற்காடு எஸ்டேட் பங்களா சரக்கு நேர் எதிர். நல்ல பிளேயரில், வீட்டு ஆட்கள் மட்டும் போட்டுக் கேட்டது. ஜிம் ரீவ்ஸ், ஆப்பா, போனி எம் மாதிரி ஆங்கிலப் பாட்டுகள், அப்புறம் மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம். தேய்மானம் குறைவு. ஆனால் ஐயாயிரம் அடி உயரத்து மூடுபனியும் மழையும் அட்டைக்குள் குடியேறியிருக்கும். கண்ணுக்கு முன்னால் மூக்கை வேலைக்கு விடுங்கள்: உறையைக் கொஞ்சம் விரித்து முகர்ந்தால், பூஞ்சை இருந்தால் பழைய கோணிச் சாக்கு வாடை வரும். தட்டின் மேல் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம், கழுவினால் பெரும்பாலும் போகும். அட்டையைக் கழுவ முடியாது. அதில் ராமபாணப் பூச்சி வேறு மேய்ந்திருக்கும். பிளாஸ்டிக் உறை தட்டோடு ஒட்டிப் புகை படிந்த மாதிரி மங்கலாகியிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அந்த மங்கல் தட்டின் வினைலுக்குள்ளேயே இறங்கியது, தேய்த்தாலும் வராது. அப்புறம், ஜிம் ரீவ்ஸ் தட்டு இந்தியாவில் ஏராளமாக விற்றது. "பாரின் பாட்டு சார்" என்று சொன்னால் அதற்காக விலை ஏற்றாதீர்கள்.

மூன்றாவது வகை, சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பகுதி வீடுகளின் சேகரிப்பு. கர்நாடக சங்கீதம், பக்திப் பாட்டு, கொஞ்சம் சினிமா. கர்நாடகம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். முருகன் கவசம் எல்லா வீட்டிலும் தேய்ந்து இருக்கும்.

78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள்) கலந்திருந்தால் அவற்றைத் தனியே பிரித்துப் பாருங்கள். அது வினைல் அல்ல, அரக்கு. நடு ஓட்டையில் விரலை விட்டுத் தூக்கி, ஓரத்தில் நகத்தால் தட்டுங்கள். முழுசாக இருந்தால் 'ணங்' என்று ஒலிக்கும், மயிரிழை விரிசல் இருந்தாலும் சத்தம் பிசிறும். அதற்கு ஊசியே வேறு. 78-க்கு ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அகல முனை, எல்.பி.க்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வீட்டில் இருக்கும் பிளேயரில் 78 வேகம் உண்டா என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பாட்டுத் தட்டு ஏதாவது இருந்தால், விற்பவர் ஏற்காடு ரோட்டில் அந்த சினிமாக் கம்பெனியின் ஆர்ச்சைக் கை காட்டி, "டி.ஆர்.சுந்தரம் காலத்துதுங்க" என்று விலை சொல்வார். 1935-ல் சேலத்தில் சுந்தரம் தொடங்கிய கம்பெனி என்ற பெருமை நமக்கும் உண்டு. ஆனாலும் விரிசல் விழுந்த தட்டு விரிசல் விழுந்த தட்டுதான்.

நல்ல விலை பெறுபவை எவை என்று கேட்டால், நான் சொல்வது 1980-களின் பின்பாதித் தமிழ் சினிமா எல்.பி.கள். கேசட் வந்து எல்லோரும் அதற்குப் போய்விட்டதால் தட்டுகள் குறைவாகத்தான் அச்சாயின. எக்கோ கம்பெனி வெளியிட்ட இளையராஜா தட்டு அட்டையோடு சுத்தமாக இருந்தால் அதற்கு ஆள் தேடி வரும். ஆனால் அட்டையை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் தட்டை உருவி லேபிளைப் படியுங்கள். ராஜா அட்டைக்குள் இந்தி பஜன் இருப்பது சர்வ சாதாரணம்.

இனி யாரும் கணக்கில் சேர்க்காத செலவு. ஒரு எல்.பி. அட்டையோடு கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ரெண்டாயிரம் என்றால் சுமார் 450 கிலோ. குட்டியானை லோடு வண்டி தாங்கும், உங்கள் மாடியறைப் பரண் தாங்குமா? ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை என்றால் பேச்சே வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயிலில் வினைல் அப்பளமாக வளைந்துவிடும். கழுவும் வேலையும் இருக்கிறது. ஒரு தட்டுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து ஐந்து நிமிடம் என்றாலும் ரெண்டாயிரத்துக்கு நூற்று அறுபது மணி நேரத்துக்கு மேல். தினம் ஒரு மணி உட்கார்ந்தால் ஐந்தரை மாதம். வாலை வடிநீர் நாலு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, இது வினைலுக்கு. 78-க்கு ஆல்கஹாலைக் காட்டவே கூடாது. மரத்துக்குப் பாலிஷ் போடுபவர் அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார். உங்கள் தட்டும் அப்படித்தான் கரையும்.

இவ்வளவுக்கும் பிறகு எடுக்கலாம் என்று தோன்றினால், பேரத்துக்கு முன்னால் வீட்டு ஆட்களிடம் ஒன்று கேளுங்கள்: எதையாவது வைத்துக்கொள்ள விரும்புகிறீர்களா என்று. ஏற்காட்டில் ஒரு வீட்டில் அந்த அம்மா, "அவர் போனப்புறம் ஒண்ணையும் தொடலீங்க தம்பி, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். அட்டைகளின் பின்னால் அவர் கணவர் வாங்கிய தேதியையும் கடையையும் பேனாவில் எழுதி வைத்திருந்தார். "நாலு அட்டையாவது வெச்சுக்கோங்கம்மா" என்றேன். பதினோரு அட்டை எடுத்து வைத்துக்கொண்டார். இதை முதலிலேயே செய்யாவிட்டால், சரக்கு கீழே வந்த பிறகு போன் வரும், அப்போது ரெண்டு பக்கமும் மனக்கசப்பு.

"மொத்தமா எடுத்தா எடுங்க, பொறுக்கித் தர மாட்டேன்" என்பார்கள். அதில் தப்பில்லை, நல்லதைப் பொறுக்கிவிட்டால் மீதியை அவர்கள் என்ன செய்வார்கள்? நானானால் இப்படிச் சொல்வேன்: "இந்த இருநூறு தட்டுக்கு இவ்வளவு தர்றேங்க. மீதியை நானே ஏத்திட்டுப் போய் இடத்தைக் காலி பண்ணித் தந்துடறேன், அதுக்குத் தனியா விலை வேண்டாம்." நிறையப் பேருக்கு அறை காலியாவதுதான் முக்கியம். ஒத்துக்கொள்ளாவிட்டால் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மூன்று மாதம் கழித்து அவர்களே கூப்பிடுவதும் உண்டு.

ஏற்றும்போது ஒரு பெட்டிக்கு ஐம்பதுக்கு மேல் வேண்டாம், தூக்குபவர் இடுப்பு போய்விடும். தட்டுகள் நிமிர்ந்தே நிற்க வேண்டும், ஆடாமல் நெருக்கமாக. படுக்க வைத்து அடுக்கினால் ஏற்காட்டு இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் அடியில் இருப்பது நசுங்கிவிடும். 78-களை டிரைவர் பக்கத்து சீட்டில் வைத்து நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் இறங்கிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு அடிவாரத்தில் டீக்கடையில் வண்டியை நிறுத்த வேண்டாம், டீயை வீட்டில் குடித்துக்கொள்ளலாம்.