முதல் தகவல் முறைமையை எங்கே தொடங்குவது? கமக்கார அமைப்பின் கொப்பியில்

கம்பஸில் முதல் முறையாகத் தகவல் முறைமை ஒன்று செய்து காட்டச் சொன்னால் பெரும்பாலானவர்கள் முதலில் அடிக்கிறது லொகின் பக்கம். உள்ளே என்ன இருக்கப்போகிறது என்றே தெரியாது, அதற்குள் பாஸ்வேர்ட் கேட்கும். வவுனியா கம்பஸில் பம்பைமடுவில் படித்தாலும் சரி, கிளிநொச்சி அறிவியல் நகரில் படித்தாலும் சரி, ஒருக்கால் இந்த வரிசையில் செய்து பாருங்கள். உதாரணத்துக்கு கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரு கமக்கார அமைப்பின் (விவசாயிகள் சங்கத்தின்) சிறுபோகப் பதிவை எடுப்போம்.

படி 1: கொப்பியைக் கேளுங்கள்

செயலாளரிடம் போய் "என்ன தேவை ஐயா?" என்றால், "எல்லாம் கொம்பியூட்டரில வந்தா நல்லம் தம்பி" என்பார். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவர் எழுதுகிற கொப்பியை வாங்கிப் பாருங்கள், அதிலும் ஓரத்தில் பென்சிலால் எழுதியதை: "மருமகன் செய்கிறார்", "குத்தகை", "போன போகம் பங்கு விட்டவர்". தேவைகளில் பாதி அங்கேதான் கிடக்கும்.

படி 2: உள்பொருள்களைப் பிரியுங்கள்

உள்பொருள் என்றால் நீங்கள் தகவல் பதிந்து வைக்கிற ஒவ்வொரு வகை ஆளும் பொருளும். அவற்றையும் அவற்றுக்கிடையிலான தொடர்பையும் காட்டுகிற, பீட்டர் சென் 1976 இல் தந்த உள்பொருள் தொடர்புடைமை வரைபடம் இதற்குப் போதும். கொப்பியில் பெயரும் ஏக்கரும் ஒரே வரியில் இருப்பதால் நீங்களும் ஒரே அட்டவணையில் போடத்தான் பார்ப்பீர்கள். போடாதீர்கள். காணிக்காரர் கொழும்பில் இருப்பார், விதைக்கிறவர் வேறு ஆள், அடுத்த போகம் இன்னொருவர். ஆகவே காணி தனி, கமக்காரர் தனி, "இந்தப் போகம் இந்தக் காணியை இவர் செய்கிறார்" என்பது மூன்றாவது அட்டவணை.

கமக்காரருக்கு முதன்மைச் சாவியாக, அதாவது ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்துக் காட்டுகிற இலக்கமாக, அடையாள அட்டை இலக்கத்தைப் போட ஆசை வரும். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும், புதியதில் 12 இலக்கம், ஒரே ஆள் இரண்டையும் மாறி மாறித் தருவார். அதனால் சாவிக்கு நீங்களே ஒரு இலக்கம் கொடுங்கள், அட்டை இலக்கம் எழுத்து வகைப் புலமாக, அதாவது எழுத்தாகச் சேமிக்கிற ஒரு கட்டமாக, இருக்கட்டும். தொலைபேசி இலக்கமும் அப்படித்தான், எண் வகையில் போட்டால் முன்னால் இருக்கிற பூச்சியம் பறந்துவிடும்.

படி 3: இப்போதுதான் முறையியல் (எந்த ஒழுங்கில் செய்வது என்பது)

உயர்தரத்தில் படித்த நீர்வீழ்ச்சி மாதிரியை அப்படியே அறிக்கையில் ஒட்டாதீர்கள். 1970 இல் வின்ஸ்டன் ரோய்ஸ் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகிற அந்தப் படத்தை வரைந்தார், ஆனால் அப்படியே செய்தால் ஆபத்து என்று அதே கட்டுரையில் அவரே எழுதினார், அது பாட நோட்ஸில் அநேகமாக வருவதில்லை. எஸ்எஸ்ஏடிஎம் (SSADM) என்ற இன்னொரு முறையியல் 1980களில் பிரித்தானிய அரசாங்கத் திட்டங்களுக்காக வந்தது. ஆவணங்கள் நிறைய, ஒருவருக்கு ஒரு செமஸ்டரில் சுமை.

இங்கே விதியே நிலையாக இல்லை. குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் அந்தச் சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். ஆளுக்கு எவ்வளவு என்ற அந்தப் பங்கு அளவை நிரலுக்குள் எழுதிப் பூட்டினால் அடுத்த வருடம் உங்களைத்தான் தேடுவார்கள், நீங்கள் வேலை கிடைத்துப் போயிருப்பீர்கள். அதைப் போகத்தோடு சேர்த்து ஒரு புலமாக வையுங்கள், செயலாளரே மாற்றட்டும். இப்படி மாறுகிற வேலைக்கு மூலவகை மாதிரி பொருந்தும்: கொஞ்சம் செய், காட்டு, திருத்து.

படி 4: கடதாசியில் காட்டுங்கள்

திரையை ஏ4 தாளில் பென்சிலால் வரைந்து செயலாளரிடம் கொடுத்து, "இதில ஒரு ஆளைப் பதியுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் கை எங்கே தயங்குகிறதோ அங்கே உங்கள் வடிவமைப்பு பிழை. இதற்குப் பிறகு கோட் எழுதுங்கள். லொகின் பக்கம் கடைசியில் வரட்டும்.

படி 5: சமாந்தரமாக ஓட விடுங்கள்

நேரடி நிறுவுகை, அதாவது கொப்பியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு முறைமைக்கு மாறுவது, வேண்டாம். ஒரு போகம் முழுக்கக் கொப்பியும் ஓடட்டும், முறைமையும் ஓடட்டும். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் மொத்த ஏக்கரை இரண்டிலும் கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் வந்தால் எந்தக் காணியில் என்று கண்டுபிடிக்கும்வரை அடுத்த வாய்க்காலுக்குப் போகாதீர்கள். கூட்டத்துக்கு முதல்நாள் பட்டியலை அச்சடித்துச் செயலாளர் கையில் கொடுத்துவிடுங்கள், அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போகலாம்.