குளிர்காலப் பறவை பார்த்தல்: ஒரு கரை, ஒரு காலை

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஒரே நாளில் நாலு இடத்துக்குத் திட்டம் போடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பறவையைப் பார்த்ததைவிட வண்டியில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். இப்போதெல்லாம் ஒரு நீர்நிலை, ஒரு காலை, அவ்வளவுதான்.

விடிவதற்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். சூரியன் முதுகுப்பக்கம் வருகிற கரையாகப் பார்த்து உட்காருங்கள். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். சும்மா உட்கார்ந்திருந்தால் நடப்பதைவிடக் குளிரும், அதனால் ஒரு சட்டை கூடுதலாக இருக்கட்டும்.

பைனாகுலர் 8×42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகத் தெரியும். ஒருமுறை காலை முழுக்க மங்கலாகவே பார்த்துவிட்டுக் கருவியைத் திட்டினேன். தப்பு என்னுடையது, என் கண்ணுக்கு ஏற்ப அதைச் சரிசெய்யவே இல்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் ஒரு குச்சியின் நுனி தெளியும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, வலது கண் பக்கத்து வளையத்தைத் திருப்பி அதே நுனியைத் தெளிவாக்குங்கள். அதற்குப் பிறகு அந்த வளையத்தைத் தொடவே வேண்டாம், நடுச்சக்கரம் மட்டும் போதும். பெரும்பாலான பைனாகுலர்களுக்கு இதுதான் முறை.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் காலடியில் இருக்கும் சேற்றை. பின்புறத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு ஓடும் சின்னது உள்ளானாக இருக்கலாம். அப்புறம் வாத்துகள். பருவத் தொடக்கத்தில் ஆண் வாத்துகள் பலவும் பெண் மாதிரியே மங்கலாக இருக்கும். நிறத்தை நம்பாமல் அலகைப் பாருங்கள். கரண்டி போல் நுனி அகன்றிருந்தால் தட்டைவாயன். அவை கூட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக வட்டமடித்து நீரைக் கலக்கி, மேலே வரும் இரையை வடிகட்டித் தின்னும். ஒருநாள் இருபது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறெதையும் குறிக்கவில்லை.

திடீரென்று மொத்தக் கூட்டமும் எழும்பினால் வாத்துகளைப் பார்க்காதீர்கள். நாணலுக்கு மேலே, இறக்கையை லேசாக உயர்த்தித் தாழப் பறந்து வரும் பூனைப்பருந்தைத் தேடுங்கள். அது வரவில்லை என்றால் பயமுறுத்தியது நீங்களாக இருக்கலாம். மேய்கிற பறவைகள் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம், மெதுவாகப் பின்வாங்குங்கள். குளிரில் ஒற்றைக் காலில் நின்று சூட்டைச் சேமிக்கிற பறவையை ஒரு புகைப்படத்துக்காகக் கிளப்பிவிடுவது எனக்குப் பிடிக்காது.

வெயில் ஏறியதும் நீரில் சத்தம் குறையும். கிளம்பிவிடாதீர்கள். தரை சூடாகிக் காற்று மேலெழும்பும்போது கழுகுகளும் பருந்துகளும் இறக்கை அசைக்காமல் வட்டமிடத் தொடங்கும். அதை மல்லாந்து படுத்துத்தான் பார்க்க வேண்டும், கழுத்து வலிக்காது.